வத்தல் மாடியின் சட்டம்

தீர்ப்புச் சொல்லப் பிடிக்குமா உங்களுக்கு? பிடிக்காத ஆள் உண்டா என்ன! அப்படியானால் இந்த வழக்கைக் கேளுங்கள். ஆனால் பாதியிலேயே வாயைத் திறந்துவிடாதீர்கள். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் இதில் தோற்றிருக்கிறார்கள்.

விருதுநகரில் தவசிலிங்கம் என்றொரு வீட்டுக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தன் வீட்டில் மூன்று குடித்தனங்களை வைத்திருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வாசலில் செருப்பைக் கோணலாக விடக் கூடாது என்று அவருடைய சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையிலும் பெரியது மொட்டை மாடிக் கதவுச் சட்டம். போன கோடையில் யாரோ கதவைத் திறந்துபோட, கோடிவீட்டு ஆடு படியேறிப் போய் அவர் மனைவி பாக்கியத்தாய் காயப்போட்டிருந்த கூழ் வத்தலில் பாதியைத் தின்றுவிட்டது. மறுநாளே மாடிப்படிச் சுவரில் ஒரு பலகை தொங்கியது:

"காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாடிக் கதவைத் திறப்பவர் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும். கதவு திறந்து கிடக்கக் கண்டவர் உடனே தாழ்ப்பாள் போட வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை."

கீழ்வீட்டில் குடியிருந்த தையல்காரி ரஹ்மத், "உங்க வீட்டு ஆளுகளுக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"பாக்கியத்தாயே திறந்தாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சட்டம்னா சட்டம்!" என்றார் அவர், மீசையை நீவிக்கொண்டு.

இந்தப் பங்குனியில் பாக்கியத்தாய் சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வத்தலுக்கு அண்ணாச்சிதான் காவல். தினமும் காலை ஏழு மணிக்கு விரிப்பார், மாலை ஐந்துக்கு மேல் அள்ளுவார். இரண்டு நாளாக வத்தல் குறைவதாக அவருக்கு ஒரு சந்தேகம். காய்ந்தால் வத்தல் சுருங்காதா? அதை அவருக்கு யார் சொல்வது! குடித்தனக்காரர்களில் ஒருவர்தான் திருடுகிறார் என்று முடிவுகட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க, மதியம் ஒரு மணிக்கு, சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி மாடியேறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் மேல்வீட்டுக் கோதண்டம். ரயில்வே கேட் கீப்பர். திறந்து கிடக்கும் எதையும் மூடினால்தான் அந்த மனிதருக்குச் சோறு இறங்கும். மாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, "மேலே யாருங்க?" என்று குரல் கொடுத்தார். திருடன் உஷாராகிவிடுவானே என்று அண்ணாச்சி மூச்சுக்கூட விடவில்லை. பதில் இல்லை என்றதும் கோதண்டம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

கால் மணி நேரத்தில் தரை அடுப்பானது. அண்ணாச்சி கதவை இடித்துக் கத்தினார். சத்தம் கேட்டு ரஹ்மத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"கதவைத் திற, ரஹ்மத்து!"

"திறக்கேன் அண்ணாச்சி. காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க."

"எனக்கே சட்டம் பேசுறியா? திற முதல்ல!"

அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கால் வெந்தாலும் கௌரவம் வேகாது! ரஹ்மத் அனுமதி கேட்டுப் பாக்கியத்தாய்க்குப் போன் போட்டாள். மணி அடித்ததே தவிர அவர் எடுக்கவில்லை.

அப்போது ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தாள் தமயந்தி, மூன்றாவது குடித்தனக்காரி. புருஷன் இல்லாதவளுக்கு வீடு தர ஊரே தயங்கியபோது, ஐந்து மாதம் அலைந்து கிடைத்த வீடு இது. மகளுக்கு நாளை மறுநாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பலகையில் இருப்பது அவளுக்கும் மனப்பாடம்தான். ஆனால் மேலே அண்ணாச்சியின் குரல் திடீரென்று அடங்கிப்போனது.

"கத்துற ஆளு கத்தலைன்னாதான் பயப்படணும்" என்றபடி தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

இருவருமாக அண்ணாச்சியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இரண்டு சொம்பு மோர் உள்ளே போனது, பாதம் இரண்டும் தண்ணீர் வாளிக்குள் போனது. உயிர் திரும்பியதும் அவர் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா?

"தமயந்தி, நீ செஞ்சது பெரிய உதவி. மறக்க மாட்டேன். ஆனா கதவைத் திறந்தது நீ. இன்னிக்கு உன்னை விட்டா நாளைக்கு எவன் என் சட்டத்தை மதிப்பான்? சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிரு."

தமயந்திக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி" என்று கும்பிட்டாள். அவர் பலகையைக் கையால் காட்டினார்.

இப்போது சொல்லுங்கள். கோதண்டம் சட்டப்படி மூடினார். ரஹ்மத் சட்டத்துக்குப் பயந்து அனுமதி தேடினாள். தமயந்தி சட்டத்தை மீறித் திறந்தாள். இதில் யார் செய்தது சரி? அந்தப் பலகையின்படி முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் யார்?

விடை: சரியாகச் செய்தவள் தமயந்திதான். கோதண்டத்தின் மேல் குற்றமில்லை, குரல் கொடுத்துப் பார்த்துத்தானே மூடினார். ரஹ்மத் கேட்டதிலும் நியாயம் உண்டு, ஆனால் உயிர் ஊசலாடும்போது அனுமதி தேடிக்கொண்டிருக்க முடியாது. காலி செய்ய வேண்டியவர் யார் என்பதை ரஹ்மத்தே ஒரு கேள்வியில் முடித்துவைத்தாள்: "கோதண்டம் அண்ணன் மூடுறதுக்கு முந்தி அந்தக் கதவைத் திறந்தது யாரு அண்ணாச்சி?" மதியம் ஒரு மணிக்குக் கதவை முதலில் திறந்தவர் அவர்தான். யாருக்கும் விலக்கில்லை என்று எழுதியவரும் அவரேதான். சரி, தமயந்தியும் திறந்தாளே என்கிறீர்களா? காலி செய்யச் சொல்ல வேண்டியவரே முதலில் காலி செய்துவிட்டால், அவளைப் போகச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்? வீம்பு பிடித்தவரானாலும் அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர். நாலு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிச் சாத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, திரும்பிப் பாராமலே சொன்னார்: "பரீட்சை முடியட்டும், வாரேன். பிள்ளையை நல்லாப் படிக்கச் சொல்லு. அஞ்சு மணிக்கு மேல அந்த வத்தலை அள்ளி வச்சிரு, தமயந்தி."