நாற்பத்தொரு டீ

"அம்மா, காசே வராத டீ எப்படிங்க விற்பனையாகும்?"

கேட்டவர் சற்குணம். வயது ஐம்பத்தாறு. தாராபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே, கம்பெனி ஒன்றின் பெயரில் டீக்கடை எடுத்து நடத்துபவர்.

அன்னபாக்கியம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆடிட்டராக இருந்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அமராவதிக் கரையில் குடிசை போட்டுக்கொண்டார். மனம் குழம்பியவர்கள் அவரைத் தேடி வருவார்கள். சற்குணம் ஆறு வருடமாக வருகிறார்.

அன்று அவர் கையில் ஒப்பந்தப் பத்திரமும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய, பாதி நிரப்பிய கணக்குப் படிவம் ஒன்றும் இருந்தன.

மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஆறு ரூபாய் கம்பெனிக்குப் போக வேண்டும். மொத்த விற்பனை என்றால் எது? நாலு பேரிடம் கேட்டார். நாலு பதில் வந்தது. கணக்கு தப்பாக இருந்தால் கடையை எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது. மனைவியின் நகையை விற்றுப் போட்ட கடை அது.

அன்னபாக்கியம் பத்திரத்தை ஒருமுறை படித்தார்.

"வரி விற்பனை இல்லை. கொட்டிப்போனது விற்பனை இல்லை. இலவசமாகக் கொடுத்ததும் இல்லை. கடனுக்குக் கொடுத்தது விற்பனை, காசு வந்தாலும் வராவிட்டாலும். தெளிவாகத்தானே இருக்கிறது?"

"படிக்கறப்போ தெளிவாத்தாங்க இருக்குது. எழுத உக்காந்தா குழம்பிப் போகுது."

பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் புருஷனைச் சேர்த்திருந்த ஒரு பெண் தினமும் காலையில் கடைக்கு வருவாள். முதல் வாரம் காசு கொடுத்தாள். அப்புறம் அவளிடம் இல்லை. இருக்கட்டும், குடிங்க என்றார் சற்குணம். புருஷன் பிழைக்கவில்லை. அவள் ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

அந்த டீயைப் படிவத்தில் இலவசம் என்ற கட்டத்தில் எழுதினார். எழுதிய நாளிலிருந்து தூக்கம் இல்லை.

"அதை விற்பனை என்று எழுதினால் கம்பெனிக்கு எவ்வளவு போகும்?"

"முப்பத்தாறு ரூவா தொண்ணூறு காசுங்க."

"அதற்கா தூக்கம் போயிற்று?"

ஏன் போயிற்று என்று சற்குணத்துக்கே தெரியவில்லை.

"அந்தப் பெண் நாளைக்குக் காசோடு வந்தால் வாங்குவீர்களா, ஐயா?"

"சத்தியமா மாட்டேங்க. தர்மமாக் கொடுத்ததுங்க அது."

"எத்தனை டீ?"

"நாப்பத்தொண்ணு."

அன்னபாக்கியம் பத்திரத்தை மடித்து அவரிடம் கொடுத்தார். வேறு பேச்சுக்குப் போவது போல, உங்கள் சம்சாரம் கடைக்கு வருவதுண்டா என்று விசாரித்தார். தினமும் சாயங்காலம் வருவாள், வந்ததும் ஒரு டீ போட்டுக் கொடுப்பேன் என்றார் சற்குணம்.

"இதுவரை எத்தனை டீ குடித்திருப்பார்?"

"அதையெல்லாம் யாருங்க எண்ணி வெப்பாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

படிவத்தை விரித்து, இலவசம் என்ற கட்டத்தில் எழுதியிருந்த நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்தார்.

"அம்மா, பேனா இருக்குதுங்களா?" என்றார்.