மேக நிறக் கோழியின் மேல் வந்த வழக்கு

அன்று செவ்வந்திக்கோட்டை தர்பாரில் இருந்தவர்கள்: மகாராஜா கொண்டல்வண்ணர், பிரதானி திருமலைக்கொழுந்து, விகடர் வெள்ளியம்பலம், கோழிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளும் இருளாயி, ஈட்டிக்காரர் இரண்டு பேர், வரப்புத் தகராறுக்கு வந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்த குடியானவர் ஐந்து பேர். ஆக மனிதர் பதினொன்று. குற்றவாளிக் கூண்டில் கோழி ஒன்று, அதன் புருஷன் சேவல் ஒன்று, கூடையில் ஒரு மாதக் குஞ்சுகள் பதினொன்று. ஆக கோழி பதின்மூன்று.

இவை சாதாரணக் கோழிகள் இல்லை. சீனக் கப்பலில் வந்த பட்டுக்கோழிகள். இறகு இறகாக இருக்காது, பஞ்சாக இருக்கும். உள்ளே தோலும் எலும்பும் கன்னங்கரேல். தாயும் தகப்பனும் மழைமேக நிறம். கொண்டல் என்றாலும் மழைமேகம்தானே! தம் பெயரே நிறமாகி நடமாடுவதைக் கண்ட மகாராஜா, அவற்றைத் தம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டி வைத்திருந்தார்.

குஞ்சு பொரித்ததும் வந்தது வினை. ஆறு மேக நிறம். மூன்று காக்கைக் கறுப்பு. இரண்டு, வெள்ளையில் மை தெளித்த புள்ளி.

பிரதானி எழுந்தார். "மகாராஜா! இந்தக் கோழி பத்தினி இல்லை. ஒரு கறுப்புச் சேவலோடும் ஒரு வெள்ளைச் சேவலோடும் பழகியிருக்கிறது."

"கொக்" என்றது கோழி.

"பாருங்கள், ஒப்புக்கொண்டுவிட்டது!"

"அது மறுக்குது, சாமி!" என்றாள் இருளாயி. "என் கூட்டுக்குள்ள காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் வரும். இன்னொரு சேவல் எப்படி வரும்?"

"அப்படியானால் நீயும் உடந்தை" என்றார் பிரதானி. "மகாராஜா, தாய் தகப்பன் நிறத்தில் இல்லாத குஞ்சு வேற்றுக் குஞ்சு. வேற்றுக் குஞ்சும் அதைப் பெற்றவளும் சட்டிக்குப் போகவேண்டும் என்று சட்டம் செய்யுங்கள்."

"அப்படியே சட்டம்" என்றார் மகாராஜா, துக்கத்தோடு.

பிரதானி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டதை வெள்ளியம்பலம் கவனித்தார். அந்தச் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறிமுதலான பொருள், குற்றம் சாட்டியவருக்குச் சேரும். பிரதானிக்கோ முழங்கால் வலி. கருங்கோழிச் சாறு குடித்தால் கேட்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

இருளாயி வெள்ளியம்பலத்தை முறைத்தாள். 'வாயைத் திறங்களேன் ஐயா' என்ற முறைப்பு. அவருக்கோ கோழியைச் சோற்றோடு பார்த்த பழக்கம்தான் அதிகம். கூடைப் பக்கத்தில் குந்திக் குஞ்சுகளையே பார்த்தார். கறுப்பு. வெள்ளை. நடுவில் மேகம். கறுப்பையும் வெள்ளையையும் குழைத்தால் வருகிற நிறம் அல்லவா அது!

சட்டென்று எழுந்தார்.

"மகாராஜா, மேகம் தனி நிறமே இல்லை. இந்தத் தாயிடம் கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. தகப்பனிடமும் அப்படியே. முட்டைக்குள் ஆளுக்கு ஒரு பங்குதான் போடுவார்கள். எந்தப் பங்கு என்று பார்த்துப் போடுவதில்லை. இரண்டு பேரும் கறுப்பைப் போட்டால் காக்கை. இரண்டு பேரும் வெள்ளையைப் போட்டால் புள்ளி. ஆளுக்கொன்றாகப் போட்டால் மேகம். கோழி பத்தினிதான்."

"சாட்சி?" என்றார் பிரதானி.

"கறுப்புக் குஞ்சுக்கும் புள்ளிக் குஞ்சுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள். இதனிடம் கறுப்பைத் தவிர வேறில்லை, அதனிடம் வெள்ளையைத் தவிர வேறில்லை. பிறப்பதெல்லாம் மேகமாகத்தான் பிறக்கும். ஒன்று மாறினாலும் என்னைச் சட்டியில் போடுங்கள்."

"உன்னை யார் தின்பது?" என்றார் மகாராஜா.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணமா! சிவ சிவா!" என்று பிரதானி காதைப் பொத்தினார்.

"கோழிக்கு ஏதய்யா மாமன் மகன்?" என்றார் குடியானவரில் ஒருவர். தர்பார் சிரித்தது. வாய்தா கிடைத்தது.

அது தை மாதம். குஞ்சுகள் வளர்ந்து, ஒரு கறுப்புப் பெட்டையும் ஒரு புள்ளிச் சேவலும் ஜோடி சேர்ந்தன. ஐப்பசிக்குள் முட்டை பதினான்கு. அடைகாத்தது யார் என்கிறீர்கள்? குற்றவாளியேதான். கூமுட்டை இரண்டு போக, பொரித்தது பன்னிரண்டு.

மறுபடி தர்பார். அதே பதினொரு பேர். குடியானவர்களின் முறை இன்னும் வரவில்லை. பழைய கோழிகளையும் கூட்டோடு கொண்டுவந்திருந்த இருளாயி, குஞ்சுக் கூடையைத் திறந்தாள். பன்னிரண்டும் மேகம்! மகாராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஓடி வந்து, இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டார்.

ஒன்பது மாதமாகச் சாறு காணாத பிரதானிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மகாராஜா, ஏமாறாதீர்கள்! தாய் கறுப்பு, தகப்பன் புள்ளி. இவற்றில் ஒன்றாவது அப்படி இருக்கிறதா? அத்தனையும் வேற்றுக் குஞ்சு!"

வெள்ளியம்பலம் கைகூப்பினார். "பிரதானியார் சொல்வது நியாயம். சட்டம் சட்டம்தான். இருளாயி, அடுப்பை மூட்டு. மகாராஜா, கையில் இருப்பவற்றைக் கொடுங்கள். சட்டி பெரியதுதான், பன்னிரண்டும் கொள்ளும்."

"எவனடா என் மேகங்களை அடுப்பில் வைப்பவன்?" மகாராஜா குஞ்சுகளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் சட்டி தூக்குகிறவன்தான், மகாராஜா. சட்டம் உங்களுடையது. யோசனை பிரதானியாருடையது."

"அந்தச் சட்டம் செத்தது!" என்று கத்தினார் மகாராஜா. "இருளாயி வேலையில் இருப்பாள். கோழி குற்றமற்றது. பிரதானியாரே, அதனிடம் மன்னிப்புக் கேளும்!"

பிரதானி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கோழி அவர் மூக்கில் ஒன்று வைத்தது.

"வெள்ளியம்பலம், உனக்குப் பரிசு" என்றார் மகாராஜா. "மேக நிறத்தில் அழகான ஜோடியாகப் பார்த்து எடுத்துக்கொள்."

வெள்ளியம்பலம் கூட்டை நன்றாகப் பார்த்தார். ஒரு கறுப்புப் பெட்டையையும் ஒரு புள்ளிச் சேவலையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏனய்யா, மேகம் வேண்டாமா?"

"வேண்டும் மகாராஜா, அதனால்தான். மேக ஜோடியைக் கொண்டுபோனால், அடுத்த தையில் என் பெண்டாட்டி என் வீட்டுக் கோழிமேல் வழக்குப் போடுவாள்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குஞ்சுகளெல்லாம் கூடைக்குள் குதித்தன. இருளாயி பெரியதும் சிறியதுமாக எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி, கூட்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு போக, மிச்சம் இருபத்துமூன்று.