ராயர் விழுங்கிய மிளகளவு

கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். போர்க்களத்தில் பட்டத்து யானை சரிந்தபோது, அதன் அடியில் மன்னரின் இடது தொடையெலும்பு அப்படித்தான் முறிந்தது. பக்கத்தில் நின்ற அமைச்சர் திருமேனியின் காதிலிருந்து அந்தச் சத்தம் பிறகு வெகுநாள்வரை இறங்கவே இல்லை.

வெகுகாலத்துக்கு முன்னே நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மானவல்லபர். நல்ல நாளில் ஒரு பாட்டுக்கு ஓர் ஊரையே கொடுப்பார். கெட்ட நாளில் தாளம் தவறியதற்குத் தலையைக் கேட்பார். கால் முறிந்த பிறகு கெட்ட நாட்களே மிகுந்தன. அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டர் அபினில் கடுகளவு கிள்ளிக் கொடுத்தார். மன்னர் வலி மறந்து குழந்தைபோல் தூங்கினார். சில மாதங்களில் கடுகு மிளகாயிற்று, மிளகு சுண்டைக்காயாயிற்று. வலி மட்டும் பழையபடி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

தன் மைத்துனனை அரண்மனை வைத்தியனாக்கக் காத்திருந்தார் கொண்டல்ராயர் என்ற அதிகாரி. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மன்னா, அபினில் கலப்படம்! புளியங்கொட்டையை அரைத்து உருட்டித் தருகிறார். நல்ல சரக்கு வேறெங்கோ போகிறது. பெயரிலேயே நஞ்சை வைத்திருப்பவரிடம் வேறென்ன கிடைக்கும்?"

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "வைத்தியரே, என்ன சொல்கிறீர்?"

"சரக்கு அதேதான் மன்னா. தங்கள் உடம்புதான் அதற்குப் பழகிவிட்டது. இன்னும் கூட்டினால் வலி போகாது, மூச்சுதான் போகும்."

"என் உடம்பையா குற்றம் சொல்கிறீர்? நாளைக் காலை இவரை யானைக் காலால் இடறச் செய்யுங்கள்!"

திருமேனி வைத்தியரின் கைகளைப் பார்த்தார். அன்று போர்க்களத்தில் அந்த எலும்பைச் சேர்த்துக் கட்டிய கைகள் நஞ்சுண்டருடையவை. அமைச்சர் எழுந்து, மிகப் பணிவாகக் கேட்டார்: "ராயரே, புளியங்கொட்டைதான் என்பது உறுதியா?"

"என் மீசைமேல் சத்தியம்!"

"அப்படியானால் மன்னரின் அபின் பேழையிலிருந்தே கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டுங்களேன். புளியங்கொட்டை தின்று யார் கெட்டார்?"

ராயர் விழித்தார். சபை முழுவதும் அவர் மீசையையே பார்த்தது. "தாராளமாக! மன்னர் உண்ணும் அளவே கொடுங்கள்!"

"வேண்டாம்!" என்று கத்தியவர் நஞ்சுண்டர். "பழகாத உடம்பு, செத்துப்போவார். மிளகளவு போதும்."

"நடிப்பைப் பாருங்கள்" என்றபடி ராயர் மிளகளவை வாயில் போட்டுக்கொண்டார். அதே உருண்டையிலிருந்து சுண்டைக்காயளவை மன்னர் விழுங்கினார்.

ராயர் தன் மைத்துனனின் கைராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு ஓடியது, நடந்தது, தவழ்ந்தது. "என் மைத்துனன்... மைத்து... மை..." தூணில் சாய்ந்து குறட்டை விட்டார். நஞ்சுண்டர் பாய்ந்து போய் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். "ராயரே, கண்ணைத் திறவும்! மூச்சை இழுத்து விடும்!"

மன்னர் தொடையைத் தடவியபடி திகைத்தார். "எனக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லையே!"

"சரக்கு ஒன்றுதான் மன்னா, உடம்புதான் இரண்டு" என்றார் திருமேனி. "தாங்கள் சபைக்கு வரும்போது கட்டியக்காரர்கள் தங்கள் பட்டங்களை முழங்கினார்களே, கேட்டீர்களா?"

"இன்றைக்கு முழங்கினார்களா?"

வாசலில் நின்ற கட்டியக்காரர்களின் முகம் தொங்கிப்போயிற்று.

"முடிசூட்டிய அன்று அதே குரலுக்குத் தங்களுக்கு மெய் சிலிர்த்தது. தினம் கேட்டுக் காது பழகிவிட்டது. உள்ளேயும் கட்டியக்காரர்கள் உண்டு. நரம்புகள். அவர்கள் வலியை முழங்குவார்கள். அபின் போய் 'உஷ்' என்றால் முதலில் அடங்குவார்கள். நாள்தோறும் 'உஷ்' என்றால், அதைக் கேட்கும் காதுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொள்வார்கள், குரலையும் உயர்த்திவிடுவார்கள்."

"அப்படியானால் இப்போதே பேழையைக் குளத்தில் எறிகிறேன்!"

"எறிந்தால் 'உஷ்' போய்விடும் மன்னா, உயர்த்திய குரல் அப்படியே இருக்கும். உடம்பே அலறும்" என்றார் வைத்தியர், ராயரின் கன்னத்தைத் தட்டியபடியே. "கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். மூடிய காதுகள் மெல்லத் திறக்கும். ஒத்தடம் தருகிறேன், தினமும் நடக்க வைக்கிறேன்."

மன்னர் பேழையை மூடினார். பிறகு தாமே இறங்கி வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி வைத்தியரின் கழுத்தில் போட்டார்.

ராயர் கண் திறந்தார். தலை யார் மடியில் இருக்கிறது என்று பார்த்துப் பதறினார்.

"ராயரே, இன்றைக்கு நஞ்சுண்டர் நீர்தான்!" என்றார் மன்னர். "உம்மைக் காப்பாற்றியவர் மடியில் கிடக்கிறீர். நாளை முதல் அவருடைய மருந்துப் பெட்டியைச் சுமக்கலாம்."

சபை அதிரச் சிரித்தது. ராயரின் மீசை தொங்கியது.

சுண்டைக்காய் மிளகாக, மிளகு கடுகாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் வியர்த்ததும் நடுங்கியதும் வைத்தியரை வைததும் உண்டு. ஒருநாள் பேழை காலியாயிற்று.

அந்த ஆண்டுத் தேரோட்டத்தில் மன்னர் பல்லக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு வடத்தைத் தாமே பிடித்தார். தேர் அசைந்தது, ஊரே ஆர்ப்பரித்தது. கட்டியக்காரர்கள் முழங்க, மன்னர் நின்று, கடைசிப் பட்டம்வரை காதுகொடுத்துக் கேட்டார். திருமேனியின் காதில் அன்று கரும்பு ஒடியவில்லை.

மானவல்லபர் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆண்டார். கடைசிவரை இடது காலைச் சாய்த்தே நடந்தார்.