தாமரை மாளிகையில் முள்ளம்பன்றிக் குடும்பம்

பெரிய ஏரி ஒன்றின் கரையில், காரைப் புதருக்கு அடியில், கூர்முத்து என்ற முள்ளம்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அதன் மனைவி செவத்தா. மூத்த மகள் ஊசிமணி. அடுத்தது இரட்டைக் குட்டிகள்.

ஊசிமணிக்கு அக்கரைக் காட்டில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் அக்கரையில் வந்து காத்திருக்கும். பெண் வீட்டார் ஏரியைக் கடந்து பெண்ணைக் கொண்டுபோய் விட வேண்டும். கடக்க இரண்டு நாள் ஆகும்.

முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. புகுந்த காட்டுக்குப் போகும் மகளுக்குத் தாய் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அதன் முட்களுக்கு நடுவே செருகிவிட வேண்டும். அப்போது வீட்டில் உள்ள அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டிலேயே செருகினால் பெண்ணை விரட்டுவது போல ஆகிவிடும். அக்கரையில் கால் வைத்த பிறகு செருகினால் சம்பந்தி வீட்டுக்கு அவமானம். ஆகவே வழியில்தான் செய்ய வேண்டும். வழி என்பது ஏரி.

ஏரியைக் கடக்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன.

ஒன்று, கருப்பாயி என்ற எருமை இழுக்கும் மூங்கில் தெப்பம். நாலு கிழங்கு கொடுத்தால் போதும். உட்கார இடம் கிடைக்கும். வேறு எதுவும் கிடைக்காது.

இன்னொன்று தாமரை மாளிகை என்ற மிதக்கும் வீடு. மூன்று அடுக்கு. இரண்டு யானைகள் பின்னாலிருந்து தள்ளும். நாரைகள் உபசரிக்கும். கட்டணம் மட்டும் கொஞ்சம் அதிகம். மழைக்காலத்துக்கு என்று சேர்த்து வைத்த கிழங்கு முழுவதையும் கொடுக்க வேண்டும்.

மாளிகைக்கு ஆள் பிடிக்கும் மைனா ஒருநாள் காலை புதருக்கே வந்துவிட்டது.

"குடும்பத்தோட போறதுன்னா எங்க மாளிகைதான் சார்! பன்னிரண்டு வகைக் கிழங்கு விருந்து! சேற்றுக் குளியல்! தவளைக் கச்சேரி! எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே!"

"எல்லாம் உள்ளேயேவா?" என்றது கூர்முத்து.

"எல்லாமே! பெரியவங்களுக்கு ஒரு அடுக்கு, குமரிப் பெண்களுக்கு ஒரு அடுக்கு, குட்டிகளுக்கு ஒரு அடுக்கு. யாருக்கும் யாராலும் தொந்தரவே இருக்காது!"

மைனா பறந்துபோனதும் கூர்முத்து மணலில் நகத்தால் ஒரு கோடு கிழித்தது. இந்தப் பக்கம் மாளிகை. அந்தப் பக்கம் தெப்பம். மாளிகையில் இருக்கும் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கீறல் போட்டது. கீறல்கள் புதர்வரை நீண்டன. தெப்பத்தின் பக்கம் ஒன்றுமே இல்லை.

"பாத்தியா செவத்தா! நான் எதையும் அவசரப்பட்டு முடிவு பண்றதில்ல. ரெண்டையும் வச்சு சரியா ஒப்பிட்டுத்தான் பாக்கிறேன்."

செவத்தா கீறல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"ஏங்க, தெப்பத்துல எல்லாரும் சேர்ந்து உக்காரலாமா?"

"சேர்ந்துதான் உக்காரணும்! வேற இடமே கிடையாதே! அதானே அதோட குறை!"

கூர்முத்து தெப்பத்தின் பக்கம் அந்தக் குறையை ஒரு குழியாகத் தோண்டிக் காட்டியது. அத்தோடு ஒப்பீடு முடிந்தது.

பக்கத்துப் பொந்தில் குப்பாண்டி என்ற கீரி இருந்தது. அதுவும் அதே நாளில் தன் மனைவி, நான்கு குட்டிகளோடு அக்கரைக்குப் போகவிருந்தது. மச்சான் வீட்டு விசேஷம்.

"என்ன குப்பாண்டி, தெப்பந்தானா?" என்று கேட்டது கூர்முத்து.

"ஆமாண்ணே. நம்ம வசதிக்கு வேற என்ன?" என்று தலையைக் குனிந்துகொண்டது கீரி.

"பரவாயில்ல, பரவாயில்ல. ஏரி ஒண்ணுதானே! மேலே இருந்து பாத்தா நீ தெரிவே. கையாட்டறேன்!"

புறப்படும் நாள் வந்தது. மாளிகையில் ஏறியதுமே ஒரு நாரை தடுத்து நிறுத்தியது.

"மன்னிக்கணும். மெத்தை கிழிஞ்சிடும்."

முள்ளுக்கு ஒன்றாக இலவம்பஞ்சுக் குல்லா மாட்டினார்கள். அப்பாவுக்கு மாட்டி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. முடிந்தபோது ஐந்து பேரும் காய் வெடித்த இலவமரக் கிளைகள் போல நின்றார்கள். இரட்டைக் குட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உருண்டு உருண்டு சிரித்தன. ஆனால் சிரித்து முடிப்பதற்குள், "குட்டிகள் இந்தப் பக்கம்!" என்று ஒரு நாரை அவற்றை மேலே அழைத்துப் போய்விட்டது. "குமரிப் பெண்கள் அந்தப் பக்கம்!" என்று இன்னொரு நாரை ஊசிமணியை நடு அடுக்குக்குக் கூட்டிப் போனது.

செவத்தா ஒரு மூலையில் உட்கார்ந்தது. ஒரு குல்லாவைக் கழற்றியது. இருப்பதிலேயே நீளமான முள்ளாகத் தேடிப் பிடுங்கியது. வலித்தது. பொறுத்துக்கொண்டது.

"ஏங்க, முள்ளு தயாரா இருக்கு. பிள்ளைங்களக் கூப்பிடுங்க. இப்பவே செருகிடலாம்."

"இப்பவா! விருந்து ஆரம்பிக்கப் போகுதுடி! பன்னிரண்டு வகை! முள்ளு எங்க ஓடிடப் போகுது? ரெண்டு நாள் இருக்கே!"

விருந்து நடந்தது. ஏழாவது வகையிலேயே கூர்முத்துவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"போதுங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றது செவத்தா.

"கொடுத்த கிழங்கு எவ்வளவு? அதுல இன்னும் பாதிகூட நான் திங்கல!"

விருந்து முடிந்ததும் சேற்றுக் குளியல். அதற்கு வரிசை. வரிசையில் நின்றபடியே கூர்முத்து தூங்கிவிட்டது. எழுந்ததும் தவளைக் கச்சேரி. பாட்டு பிடிக்கவில்லை. இருந்தாலும் கடைசிவரை உட்கார்ந்தது. பாதியில் எழுந்தால் மீதி வீணாகிவிடுமே!

செவத்தா முள்ளை எடுத்துக்கொண்டு நடு அடுக்குக்கு ஏறும் படிக்கட்டுக்குப் போனது. வாசலில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது.

"பெத்தவங்க உள்ளே வரக் கூடாதும்மா. அதுதான் இந்த அடுக்கோட சிறப்பே!"

"எம் பொண்ணுதான்ப்பா. ஒரு நிமிஷம்."

"சொல்லி அனுப்பறேன். இப்போ முள்ளுக்கு மெருகு போட்டுட்டிருக்காங்க."

வெகுநேரம் கழித்து ஊசிமணி இறங்கி வந்தது. முட்கள் பளபளத்தன. முகம் வாடியிருந்தது.

"அம்மா, மேலே யாரையுமே எனக்குத் தெரியலம்மா. எல்லாம் மான் வீட்டுப் பொண்ணுங்க. தம்பிங்க எங்க?"

"ஊஞ்சல் போட்டியாம். மூணாவது சுத்து நடக்குதாம்."

"அப்பா?"

"கச்சேரியில இருக்காரு."

இரண்டும் சுவர் ஓரமாக உட்கார்ந்தன. செவத்தாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அக்கரையில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கிக் குடிக்க வேண்டும், மாமியார் கோபப்பட்டால் எதற்கு முள் சிலிர்க்கலாம், எதற்குச் சிலிர்க்கக் கூடாது என்றெல்லாம். தொடங்குவதற்குள் கூர்முத்து வந்துவிட்டது.

"என்னம்மா இங்க உக்காந்திருக்கே? மேலே மூலிகைப் புகை போடறாங்களாமே! போய்ப் போட்டுக்கோ! அதுவும் சேர்த்துத்தானே கொடுத்திருக்கோம்!"

"அப்பா, நான் சும்மா அம்மாகூட..."

"சும்மா உக்கார்றதுக்கு நம்ம புதரே போதாதா? போ, போ!"

ஊசிமணி போனது.

மாளிகைக்குக் கொஞ்சம் தள்ளி மூங்கில் தெப்பம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதில் குப்பாண்டியின் குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஒரு குட்டியின் வால் இன்னொன்றின் காதுக்குள் கிடந்தது. "எடுடா!" "நீ எடுடி!" என்று சண்டை. திடீரென்று எல்லாம் சேர்ந்து சிரித்தன. கருப்பாயி எருமைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"பாவம், சுருண்டு கெடக்குதுங்க!" என்றது கூர்முத்து. சொன்னபடி கையாட்டியது.

செவத்தா கையாட்டவில்லை. தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் இப்படியே போயிற்று. குட்டிகள் வந்தபோது அப்பா இல்லை. அப்பா வந்தபோது குட்டிகள் இல்லை. "மத்தியானம் செருகிடலாம்" என்றது கூர்முத்து. மத்தியானம் வந்தது. "சாயங்காலம், நிதானமா" என்றது.

சாயங்காலம் அக்கரை தெரிந்தது. கரையில் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் முட்களைக் குலுக்கி ஓசை எழுப்பி நின்றது.

"ஏங்க! கரை வந்துடுச்சு!"

"யானை இன்னும் நிறுத்தலையே! கடைசியா நெல்லிக்காய்ப் பாகு தர்றாங்களாம். ஒரு வாய் குடிச்சிட்டு வந்துடறேன். நீ போய்ப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வா!"

செவத்தா முள்ளைப் பற்களுக்கு இடையில் கவ்விக்கொண்டது. மேல் அடுக்குக்கு ஓடியது. இரட்டைக் குட்டிகளை இழுத்துக்கொண்டு கீழே வந்தது. அதற்குள் முரசு முழங்கியது. ஒரு நாரை உரக்க அறிவித்தது.

"குமரிப் பெண்கள் அடுக்கு முதலில் இறங்கலாம்! கூட்டமே இல்லாத தனிப் பாலம்! எங்கள் மாளிகையில் மட்டுமே!"

தனிப் பாலத்தின் கரைப் பக்க நுனியில் ஊசிமணி நின்றது. காலை எடுத்து வைக்கவில்லை.

"எங்க அம்மா வரணும்! கொஞ்சம் பொறுங்க!"

"பின்னாடி எல்லாரும் நிக்கறாங்கம்மா. நகரு" என்றது நாரை. பின்னால் நின்ற மான்கள் முணுமுணுத்தன. கரையிலிருந்து மாமியார் முள்ளம்பன்றி கூப்பிட்டது. "வாம்மா! நல்ல நேரம் போயிட்டிருக்கு!"

செவத்தா கீழ் அடுக்கின் விளிம்புக்கு ஓடி வந்தது. பாலம் எதிரேதான் இருந்தது. நடுவில் தண்ணீர். மகள் வேறு பக்கம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பும். ஆனால் வாயில் முள் இருந்தது.

மான் ஒன்று பின்னாலிருந்து நெருக்கியது. ஊசிமணி ஒரு கால் முன்னால் எடுத்தது.

"ஊசிமணி!"

முள் தண்ணீரில் விழுந்தது. ஊசிமணி திரும்பிப் பார்த்தது. அதற்குள் அதன் முன்கால்கள் இரண்டும் அக்கரை மணலில் பதிந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் ஆரவாரத்தோடு அதைச் சூழ்ந்துகொண்டது.

இரட்டைக் குட்டிகள் அம்மாவைப் பார்த்தன. "அம்மா, அக்காவுக்கு நான் ஒரு வார்த்தை யோசிச்சு வச்சிருந்தேனே!" என்றது ஒன்று.

கூர்முத்து மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தது. "எங்க ஊசிமணி?" என்றது. கரையைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. அதற்குப் புரிந்தது. புரிந்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் ஒரு நாரை வந்து குனிந்தது.

"பயணம் எப்படி இருந்துச்சுங்க? ஏதாவது குறை?"

கூர்முத்து நாரையைப் பார்த்தது. மழைக்காலக் கிழங்கு அத்தனையையும் நினைத்துப் பார்த்தது.

"ஒரு குறையும் இல்ல! பிரமாதம்!" என்றது.

சம்பந்தி வீட்டு மரியாதைகளெல்லாம் முடிந்து, திரும்பிப் போக எல்லாரும் கரைக்கு வந்தார்கள். குப்பாண்டியும் குடும்பத்தோடு வந்தது.

"எப்படிண்ணே இருந்துச்சு மாளிகை?" என்று ஆசையோடு கேட்டது.

"கேக்காதே! மூச்சுவிட நேரமில்ல. அவ்வளவு இருக்கு உள்ளே! உன் பாடு எப்படி?"

"எங்களுக்கு என்னண்ணே இருக்கு?" கீரி வெட்கத்தோடு சொன்னது. "ரெண்டு நாளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, பேசிக்கிட்டே கெடந்தோம். வேற பொழுதுபோக்கு ஏது?"

"ச்சே, பாவம்யா நீ!" என்றது கூர்முத்து.

செவத்தா ஒரு அடி முன்னால் வந்தது.

"குப்பாண்டி, தெப்பத்துல இடம் இருக்குமா?"

"இடமெல்லாம் இல்லக்கா. நெருக்கிக்கிட்டு உக்காரலாம். முள்ளப் பத்திக் கவலப்படாதீங்க. எம் பொண்டாட்டி வாயைவிடவா குத்திடப் போகுது?"

"யாரு வாய்?" என்று கீரியின் மனைவி ஒரு குத்து விட்டது.

செவத்தா இரட்டைக் குட்டிகளைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டது.

கூர்முத்து பதறியது. "ஏய் செவத்தா! நமக்குத் திரும்பிப் போறதுக்கும் சேர்த்துத்தாண்டி கொடுத்திருக்கு! நாலு பேருக்கும்!"

"நீங்க அனுபவிச்சிட்டு வாங்க" என்றது செவத்தா. கருப்பாயி எருமை தண்ணீரில் இறங்கியது.

கூர்முத்து கரையில் நின்று தெப்பத்தைப் பார்த்தது. பிறகு மாளிகையைப் பார்த்தது. அங்கே விருந்துக்கு முரசு முழங்கியது. கொடுத்தது வீணாகக் கூடாதே என்று தனியாக ஏறி, நான்கு பேருக்கான இலையின் முன்னால் உட்கார்ந்தது.

சேர்ந்திருக்கப் போன இடத்தில் கொடுத்ததற்கு ஈடு தேடி அலைகிறவர், எல்லா வசதியையும் அனுபவித்துவிட்டு எதற்காகப் போனாரோ அதை மட்டும் இழந்து திரும்புவார்.