உச்சியக்கா ஏன் நிற்பதில்லை

அணுவுக்குள் வாழ்பவர்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், நிலத்தடி வளையத்தின் சந்திப்பில் ஒருநாள் கூடியிருந்தவர்கள் இவர்கள்: உச்சி என்னும் குவார்க்குத் துகள்கள் இரண்டு, அவர்களோடு ஜோடியாய்ப் பிறந்த எதிர் உச்சிகள் இரண்டு, கயிற்றோடு ஒட்டுமாமன் ஒருவர், எண்ணுக்காரி கண்ணாத்தாள் ஒருத்தி. மற்றதெல்லாம் சில்லறைக் கூட்டம். அதை எண்ணி முடித்தவர் இல்லை.

அந்த வளையத்தில் புரோட்டான்கள் எதிரும் புதிருமாக ஓடி வந்து மோதும். மோதிய இடத்தில் புதியவர்கள் பிறப்பார்கள். வந்தது யார் என்று பார்த்துச் சொல்வது கண்ணாத்தாள் வேலை. அவள் எண்ணாதவர் வராதவர் கணக்குத்தான்.

உச்சி ஒருத்தியே ஏறக்குறைய ஒரு தங்க அணுவின் கனம் இருப்பாள். அவ்வளவு கனத்தைப் பெற்றெடுக்க எல்லா மோதலுக்கும் தெம்பு இராது. அதிலும் நால்வர் ஒன்றாக வருவது மிகவும் அபூர்வம்.

முன்பு ஒருமுறை அப்படி வந்திருந்தார்கள். ஆனால் பிறந்த குவார்க்குகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுவது ஒட்டுமாமன் வழக்கம். மூட்டைக்குள் இருப்பது யார் என்று வெளியே தெரியாது. கண்ணாத்தாள் அந்த மூட்டைகளைச் சில்லறையோடு சேர்த்துவிட்டாள். உச்சி வந்தும் வராதவள் ஆனாள். அந்த வருத்தம் உச்சிக்கும் கண்ணாத்தாளுக்கும் ஆறவில்லை.

"அக்கா, இந்தத் தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போங்க" என்றாள் கண்ணாத்தாள்.

"காட்டத்தானே வந்தேன். நீ இமைக்காமல் இரு, போதும்" என்றாள் உச்சி ஒருத்தி.

ஒட்டுமாமன் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "வாங்க மருமகளே! ஊருக்கெல்லாம் ஒரு கயிறு, உங்களுக்கு மட்டும் பட்டு நூலா?"

"உங்கள் கயிற்றில் குறை இல்லை மாமா. கட்டினால் இவள் மறுபடியும் என்னைத் தொலைத்துவிடுவாள்."

"கட்டாமல் எப்படி நிற்பீங்க?"

"நிற்கப் போவதில்லை."

கயிறு இறங்குமுன் உச்சி தன்னைத் தானே உடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அக்கா!"

மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள். கயிறு வெறுங்காற்றில் விழுந்தது. ஒவ்வொருத்தி நின்ற இடத்திலும் அவள் தங்கையான 'அடி' என்னும் குவார்க்கு ஒருத்தி, 'தூதன்' என்னும் துகள் ஒருவன். தூதன் நொடியும் தாமதிக்காமல் இரண்டாகப் பிரிந்தான்.

கண்ணாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். தங்கைமார் நால்வர். மாமன் கயிற்றில் சிக்கினாலும் அடி கொஞ்ச தூரம் போய்த்தான் சிதறுவாள்; அந்த நடை கண்ணாத்தாளுக்கு அத்துப்படி. தூதர்கள் பிரிந்து விட்டவர்கள் எட்டுப் பேர் இருக்க வேண்டும்; கண்ணில் பட்டது ஏழு பேர். ஆகப் பதினொன்று.

"ஒன்று குறைகிறதே எண்ணுக்காரி! இந்தத் தடவையும் கோட்டை விட்டாயா?" என்று மாமன் சிரித்தார்.

அவள் தடங்களை மறுபடி பார்த்தாள். பதினொருவரின் போக்கையும் கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் யாரோ போயிருக்க வேண்டும்.

"குறையவில்லை மாமா. தூதன் பிரிந்ததில் ஒன்று கண்ணில் படாத நியூட்ரினோ; அது அந்தப் பக்கமாக நழுவியிருக்கிறது. என் அக்காமார் நால்வரும் வந்துவிட்டுத்தான் போனார்கள்."

மாமன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி தாயி. உன் அக்காவை இனி நான் துரத்தவில்லை."

அன்று பிடித்துத்தான் எந்த உச்சியும் கயிறு விழும்வரை நிற்பதில்லை. அவளை எண்ணுகிறவர்களும் அவள் விட்டுப்போனவர்களை வைத்தே அவளைக் கண்டுகொள்கிறார்கள். நால்வர் சேர்ந்து வந்தால், மிச்சம் பன்னிரண்டு.