பதினாறாம் நாள் காகம்

“செத்தவருக்குக் கொடுத்த வாக்கை யாருகிட்டம்மா திருப்பிக் கேக்கிறது?”

இதைக் கேட்டபோது மருதையனின் தோளில் சுண்ணாம்பு மூட்டை இருந்தது. அதை இறக்கி வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஓடக்கரை மடத்து அம்மை அவனைவிட ஐந்து வயது இளையவள். ஆனாலும் ஊரே அவளை அம்மா என்றுதான் அழைத்தது. அவளும் யாராக இருந்தாலும் வா, போ என்றுதான் பேசுவாள். ஐந்து வருடமாக மருதையன் அமாவாசை தவறாமல் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, மடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போவான்.

இன்று அமாவாசை இல்லை.

“மூட்டையை இறக்கிட்டுச் சொல்லு.”

“செங்கமலத்தோட அண்ணன் காலையில வந்தாரும்மா. இன்னிக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள அவங்க வீட்டுக்குப் போய் ஒரு பதில் சொல்லணுமாம். இல்லேன்னா அவளை வேற இடத்துல கொடுத்துடுவாங்களாம்.”

“உனக்கு அவ வேண்டாமா?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தால்தானே? அவன் மூட்டையை இறக்கி வைத்தான்.

“அஞ்சு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கா. ‘உங்க வீட்டுக் கஞ்சியை நானும் சேர்ந்து காய்ச்சுறேன், உங்க தம்பி தங்கச்சி எனக்குப் பாரமா’ன்னு கேக்குறா. எங்கம்மாவும் அவளைக் கூட்டிட்டு வாடான்னு அழுவுறாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே.”

“என்னன்னு?”

அவன் சொன்னான்.

அவன் அப்பா சுண்ணாம்புக் காளவாயிலேயே வெந்தவர். முப்பது வருடப் புகை நெஞ்சில் இறங்கி, இருமலாகி, ரத்தமாகி, இரண்டு வருடம் பாயில் போட்டு வதைத்த பிறகுதான் ஆளைக் கொண்டுபோனது. காளவாயில் வேலை பார்த்து அலுத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வராது அவருக்கு. தாகமெடுத்தால் தவழ்ந்துபோய், பானையில் தானே மொண்டு குடிப்பார். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர் சிந்திக் கிடக்கும்.

பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் சோற்று உருண்டை வைத்தார்கள். காகம் எடுத்தால் செத்தவர் குறையில்லாமல் போனார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால், அவர் குறையைத் தீர்த்து வைப்பதாகப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

காகம் மருதமரக் கிளையில் உட்கார்ந்திருந்தது. இறங்கவில்லை.

அம்மாவைக் கைவிட மாட்டேன் என்றான் மருதையன். அது அசையவில்லை. தம்பிக்குத் தொழில் பழக்கி விடுகிறேன் என்றான். அசையவில்லை. தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றான். அந்தப் பாழாய்ப்போன காகம் அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டது.

“மனசுல இன்னும் என்னமோ வெச்சிருக்காரு” என்றாள் அத்தை.

அப்போதுதான் அவன் கத்தினான். “எனக்குன்னு பொண்டாட்டி புள்ள வேணாம்ப்பா! சாகுற வரைக்கும் இவங்களுக்குத்தான் உழைப்பேன்!”

காகம் இறங்கி வந்து எடுத்தது.

அம்மை உள்ளே போய் ஓர் இலையில் சோறு கொண்டுவந்தாள்.

“வா.”

ஆற்று மணலில் இலையை வைத்தாள்.

“அன்னிக்கு எப்படி இருந்தியோ, அப்படியே இரு.”

அவன் இலைக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் மண்டியிட்டான். மடத்துக் கூரையில் இரண்டு காகங்கள் இருந்தன. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. வரவில்லை.

வெயில் சாய ஆரம்பித்தது. அவன் முதுகு வியர்த்தது.

“இன்னும் என்ன வாக்குக் கொடுக்கலாம், மருதையா?”

“விளையாடாதீங்கம்மா. நேரமாகுது.”

“சரி. கடைசி வாக்கைச் சொன்னே. அப்புறம்?”

“அப்புறம் என்ன? காக்கா வந்துச்சு.”

“அதுக்கு முன்னால?”

மருதையன் யோசித்தான். ஐந்து வருடத்தில் அதை அவன் யோசித்ததே இல்லை.

“கீழ விழுந்து அழுதேன். மாமா வந்து தூக்குனாரு.”

“தூக்கி?”

“கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு.”

“எதுவரைக்கும்?”

“படித்துறை வரைக்கும்...”

அம்மை அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். படித்துறைப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள். பத்தடி போயிருப்பார்கள். பின்னால் சிறகடிக்கும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். இரண்டு காகங்களும் இலையில் இருந்தன.

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். பறந்துவிட்டன. பின்வாங்கினான். வந்தன.

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருடம் மொத்தமாக நெஞ்சில் வந்து விழுந்தது. செங்கமலத்தின் தலையில் போன மாதம் பார்த்த ஒரு நரைமுடி நினைவுக்கு வந்தது.

“அப்போ... எங்கப்பா அதைக் கேக்கவே இல்லையாம்மா?”

“எனக்கு உங்கப்பாவைத் தெரியாதே. உனக்குத்தான் தெரியும். கேக்கிற ஆளா அவரு?”

ஐந்து வருடமாக அப்பாவை நினைத்தால் அவனுக்குப் பயம்தான் வந்தது. இப்போது அழுகை வந்தது.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். மடத்துக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, பாயில் கிடக்கிறவரின் தலைமாட்டில் வைப்பதுபோல அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“தண்ணிகூடக் கேக்க மாட்டாரும்மா” என்றான்.

பிறகு செங்கமலத்தின் ஊரைப் பார்த்து ஓடினான்.