தெருவிலிருந்து ஒரு மெயில்

தூத்துக்குடியில் ஜெசிந்தாவிடம் கம்ப்யூட்டர் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வந்த பூவலிங்கம் அவளைவிட வயதில் நிறைய மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு வேலை முடிந்தால் அதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. தங்கமான மனிதர், அந்த அவசரம் மட்டும் கூடவே பிறந்தது.

அன்று, படகு எஞ்சின் கடை மச்சாதுவின் இணையதளமும் மெயிலும் தங்கும் ஹோஸ்டிங் கணக்கைப் புது சர்வரில் அமைத்திருந்தார். பழைய சர்வரை நிறுத்தியாயிற்று. அதிலிருந்து எடுத்து வைத்த பேக்கப் நகலிலிருந்து இணையதளம், மெயில் பெட்டிகள், யார் தேடினாலும் விலாசம் சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள் என்று எல்லாவற்றையும் மீட்டு வைத்தார்.

"டீச்சர், வேலை முடிஞ்சுதுன்னு எப்ப சொல்லலாம்?"

"மெயில் வருதா, அண்ணாச்சி?"

"வருதே! கடை மெயில்ல இருந்து கடை மெயிலுக்கே அனுப்பிப் பார்த்தேன். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வந்துட்டு."

அப்போது மச்சாதுவே வந்து நின்றார். அவர் மகன் கிளாட்வின் சரக்குக் கப்பலில் இருக்கிறான். கப்பல் போகும் கடலில் புயல் என்று செய்தி. எதுவானாலும் கடை மெயிலுக்குத்தான் எழுதுவான்.

"பழசெல்லாம் இருக்கு. நேத்துல இருந்து புதுசா ஒண்ணும் வரல" என்றார்.

பூவலிங்கம் கடைப் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தார்.

ஜெசிந்தா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, போனை எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போங்க. உங்க சொந்த மெயில்ல இருந்து கடைக்கு ஒண்ணு அனுப்புங்க."

போனார். அனுப்பினார். வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார். கடைப் பெட்டியில் அது இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மீட்ட பதிவுகளில் இணையதளத்துக்குப் புது விலாசம் கொடுத்தவர், மெயிலுக்குப் பழையதையே விட்டிருந்தார். சர்வருக்கு உள்ளேயே போய்வந்த மெயிலுக்கு விலாசம் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் நிறுத்திய சர்வரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அதை உடனே திருத்தினார்.

"போனது போனதுதானா, டீச்சர்?"

"இல்ல. அந்தப் பக்கம் பதில் இல்லேன்னா, அனுப்புன சர்வர் மெயிலைத் தூக்கிப் போட்டுறாது. சில நாளுக்கு விட்டு விட்டு வந்து தட்டிப் பார்க்கும்."

மூவரும் காத்திருந்தார்கள். டீ வந்தது, அப்படியே ஆறியது. முதலில் பூவலிங்கம் தெருவிலிருந்து அனுப்பிய மெயில் வந்தது. பிறகு ஏதோ விளம்பரம். அதையும் மச்சாது ஒரு வரி விடாமல் படித்தார். அடுத்தது கிளாட்வின்.

"புயலைத் தாண்டிட்டோம்ப்பா. எல்லாரும் நல்லாயிருக்கோம். அம்மாகிட்ட சொல்லுங்க."

மச்சாது அழுதார், சிரித்தார், மனைவிக்குப் போன் செய்து மறுபடி அழுதார். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "இப்ப முடிஞ்சுதுன்னு சொல்லலாமா, டீச்சர்?"

"அவரு பதில் எழுதுறாரு, அண்ணாச்சி. அது வந்து சேர்ந்துட்டுன்னு கப்பல்ல இருக்கிற பையன் சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லலாம்."